பன்னிரண்டாம் நீர்

வெள்ளி அதிகாலை நான்கிலிருந்து
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் மாற்றுகிறேன்.
இரு முனையும் கவ்வியிட்ட சவ்வுப் பை
பெரிய குடுவையில் மெல்லச் சுழல்கிறது,
கடுங்காப்பி குடித்து வீங்கிய அட்டை மாதிரி.

செய்முறை எளிது.
சிட்ரிக் அமிலம், ஓர் அமீன், தண்ணீர்.
இரும்புக் கூட்டுக்குள் இருநூறு பாகை, ஐந்து மணி நேரம்.
திறந்தால் கருகிய வெல்ல வாசம்.
புற ஊதா விளக்கைக் காட்டினால்
நீலம்.
அப்படியொரு நீலம்.
நூறு ஒளித்துகள் கடன் வாங்கி
எழுபதை உடனே திருப்பித் தரும் நாணயம்.

கரிப்புள்ளி ஒளிர்கிறது என்று
மூன்று வருடம் சொல்லிவந்தோம்.
ஒளி உள்ளிருந்து வருகிறது என்றார் பேராசிரியர் ஹூர்லிமான்.
மேற்பரப்பிலிருந்து என்றான் கோராடின்;
வேலை மாறி வேறு ஊர் போன பிறகும்
கிறிஸ்துமஸ் வாழ்த்தின் அடியில்
மேற்பரப்புதான் என்று எழுதினான்.
நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.
கட்டுரையைப் படித்த இரண்டாம் மதிப்பீட்டாளர்
ஒரே வரி கேட்டார்:
நன்றாகக் கழுவினீர்களா?

எங்கள் கழுவல் ஆறு மணி நேரம், ஒரே ஒரு நீர்.
வெளி நீரைத் தொட்டியில் கொட்டிவிடுவோம்.
இந்த வாரம் தொட்டி அடைத்துக்கொண்டது.
குழாய்க்காரர் ஃபாஸ்னாக்ட் முடிந்துதான் வருவாராம்.
அதனால்தான் ஜன்னலோரம்
எண் ஒட்டிய பதினோரு ஜாடிகள்.

மூன்று ஐம்பத்தேழு. திங்கள்.
கீழே தெரு முழுக்க பாசல் நகரம் விழித்து நிற்கிறது,
கம்பளித் தொப்பிகள், மாவு சூப்பின் வாசம்,
தோள்களில் தூங்கும் பிள்ளைகள்.
எங்கள் ஆய்வக உதவியாளர் லடீனா
ஏதோ ஒரு முகமூடிக்குள் இருக்கிறாள்,
பிக்கோலோவை அக்குளில் சூடாக்கிக்கொண்டு.

நான்கு அடித்தது.
நகரம் தன் தெருவிளக்குகளை அணைத்தது.
ஒரு மூச்சு இழுக்கும் நேரம்.
பிறகு முரசுகள்.

ஊருக்கு மரியாதையாக
நானும் என் விளக்கை அணைத்தேன்.
பன்னிரண்டாம் நீரிலிருந்து பையைத் தூக்கி
புற ஊதாவைப் பிடித்தேன்.

கரி.
வெறும் கரி.

பையைத் திருப்பினேன். தட்டினேன்.
மின்கலம் தீர்ந்ததோ என்று விளக்கை என் சட்டைமேல் அடித்தேன்;
சட்டை பளிச்சென்றது, சலவைத்தூள்.
ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
முதல் ஜாடி கூவியது.
இரண்டாவது பேசியது.
ஐந்தாவது முணுமுணுத்தது.
பதினொன்றில் தண்ணீர், சும்மா தண்ணீர்.

அதே அடுப்பில் கூடவே பிறந்த
ஒரு சின்ன மூலக்கூறு,
சவ்வின் துளை வழியே நழுவுமளவு சின்னது.
எங்கள் கட்டுரையில் அதற்குப் பெயர்கூட இல்லை.
ஆறு மணி நேரத்தில் பாதி வெளியேறும்;
மிச்சம் தங்கி, கரிக்குப் புகழ் வாங்கித் தரும்.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மெய்.
உயிர் போய்விடும்.
குறிப்பேட்டில் கரிப்புள்ளி கரிப்புள்ளி என்று
தமிழில் எழுதித் தள்ளியும் எனக்கு இது உறைக்கவில்லை.
பழைய தமிழில் கரி என்றால் சாட்சி.
அந்தச் சாட்சி மூன்று வருடம் வாயே திறக்கவில்லை.
நாங்கள்தான் அதன் சார்பில்
ஆறு மாநாடுகளில் பேசினோம்.

கீழே ஒரு தாள்விளக்கு போகிறது,
வீட்டுக் கதவை விடப் பெரியது, உள்ளே மஞ்சள் வெளிச்சம்.
சுமப்பவர்கள் நான்கு பேர்.
இங்கிருந்து பார்த்தால் அது
தானே நடப்பது போலிருக்கிறது.

முதல் ஜாடியில் எழுதி ஒட்டினேன்:
கொட்டாதே.
ஹூர்லிமானுக்குக் கடிதம் தொடங்கி
அன்புள்ள என்பதில் நிற்கிறேன்.
கருவி அறை வியாழன்தான் திறக்கும்.
என் கண்ணுக்கு எட்டாத அளவில்
கரியிடமும் சொந்தமாக ஏதேனும் இருக்கலாம்,
பச்சையோரம், மிக மங்கலாக.
இல்லாமலும் இருக்கலாம்.

பையை எறியவில்லை.
பதின்மூன்றாம் நீர் ஊற்றி
மறுபடி சுழல விட்டேன்.
பத்து மணிக்கு வர வேண்டும்.