கறுத்த அடி

முதல் காயில்
பூ உலர்ந்து விழுந்த இடம்
ஒரு மிளகளவு கறுத்தது.
மூன்றாம் நாள் ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
தொட்டுப் பார்த்தேன்:
பழைய செருப்பின் தோல்.

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி.
கிழக்கு பார்த்த பல்கனி, ஆறு பெயின்ற் வாளி,
வாளிக்கு ஒரு தக்காளி.
புறக்கோட்டையில் விதைப் பக்கற்றின் படத்தைப் பார்த்து
ஏமாந்தவள் நான்.

தொடக்கத்தில் யூரியா போட்டேன்.
உரம் கிடைக்காத வருஷத்தில்
சீனிப் போத்தலில் ஒளித்த அரைக் கிலோ.
செடி வளர்ந்தது பாருங்கோ,
சம்பந்தம் பேச வந்த கூட்டம் மாதிரி
பல்கனி முழுக்க உட்கார்ந்துகொண்டு!
கரும்பச்சை இலை, தடித்த தண்டு,
மருந்துக்கும் ஒரு பூ இல்லை.

யூரியாவை நிறுத்தி
பேக்கரிப் போறணைச் சாம்பலில் ஒரு கைப்பிடி வைத்தேன்.
மூன்று கிழமையில் மஞ்சளாய்ப் பூத்தது.
நாலாம் மாடிக்குத் தேனீ வரவில்லை,
லிஃப்ற் பழுது என்று நினைக்கிறேன்.
ஒவ்வொரு பூங்கொத்தையும்
விரலால் சுண்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

என் வேலை இரத்தம்.
ஆஸ்பத்திரி லாபில் இரவு டியூட்டி.
கல்சியம் எட்டுக்குக் கீழே இறங்கினால்
சிவப்பு மையால் வட்டமிட்டு
வார்டுக்குப் போன் எடுப்பேன்.
அப்படிப்பட்ட என் வீட்டிலேயே
காய்க்குக் கல்சியம் இல்லை.

கொத்துக்கடை நிஸ்தாரிடம்
ஒரு பை முட்டைக்கோது கேட்டேன்.
கேக் அடிக்கிறீங்களா மிஸ் என்றார்.
காயவைத்து இடித்துத் தூவினேன்.
காகங்கள் வந்து விருந்துண்டு போயின.
அடுத்த குலையும் கறுத்தது.

அன்றுதான் மூன்றாம் மாடி சிரியானி
மகனின் பள்ளிக்கூடச் சட்டையைத் தூக்கிக்கொண்டு
மேலே வந்தாள்.
வெள்ளைத் தோளில் மண்நிறத் தண்ணீர் வடிந்த கோடு.
அவள் சிங்களத்தில் ஏசினாள்,
நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன்,
இரண்டுக்கும் நடுவில் அவள் கண்
கறுத்த காயில் விழுந்தது.

ஏச்சு நின்றது.
பெருவிரலை வாளி மண்ணில் அமிழ்த்தினாள்,
முதல் கணு, இரண்டாம் கணு.
வெளியே எடுத்துக் காட்டினாள்.
புழுதி.

எப்போது ஊற்றினாய்?
நேற்று இல்லை, முந்தாநாள்.
எவ்வளவு?
டியூட்டி முடிந்து வந்து ஒரேயடியாய் ஒரு வாளி.
சட்டையை உதறினாள்:
அதுதான் என் வீட்டுக்கு வருகிறது.
பிறகு ஒரே சொல்: வத்துர.
தண்ணீர்.

மண்ணில் கல்சியம் இருந்ததுதான்.
பஸ் ஓடாத நாளில்
வாசலில் உடுத்தி நின்ற ஆள் மாதிரி
வேரடியில் நின்றது.
தண்ணீர் வந்தால்தான் அதற்குப் பயணம்.
ஒருநாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்றால்
காயின் கடைசி நுனிக்கு யார் கொண்டுபோவார்?

சாவியில் ஒன்றை அவளிடம் கொடுத்தேன்.
காலை ஆறுக்கு அவள்,
பின்னேரம் ஐந்துக்கு நான்,
ஐஸ்கிறீம் டப்பாவால் செடிக்கு ஒன்று.
மண்ணை மூடத் தென்னம் பொச்சு
அவள் தம்பி அவிசாவளையிலிருந்து கொண்டுவந்தான்.
கறுத்தவை தேறவில்லை; கிள்ளி எறிந்தோம்.
பின்னால் வந்தவை
அடி வெளுத்து, உருண்டு, கனத்தன.

சித்திரையில் ஒரு பின்னேர மழை
ஒரு மணி நேரம் கொட்டியது.
பழுக்க விட்டிருந்த இரண்டு
தோள் வெடித்துப் பிளந்தன.
அதிலிருந்து, வானம் இருண்டால்
சிவப்பு இலேசாய் எட்டிப்பார்க்கும் காயை
அவளே பறித்து
என் அரிசி வாளிக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுகிறாள்.

இன்று ஏழு பழம்.
நாலை மூன்றாம் மாடிக் கதவடியில் வைத்தேன்.
உள்ளே கொடியில் அந்தச் சட்டை தொங்கியது,
கோடு போகவில்லை, மங்கியிருக்கிறது.
எனக்கு வந்த மூன்றில் ஒன்றின் அடியில்
மறுபடி அந்த மிளகளவு.
நேற்று நான் பிந்தி வந்த நாள்.
அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு
மிச்சத்தைப் பருப்புக்குள் போட்டேன்.