எழுத்தழிந்த இரண்டு மூட்டைகள்

ராத்திரி சாரலில் குடோன் நனைந்து
இரண்டு மூட்டைகளின் எழுத்து அழிந்துவிட்டது.
ஒன்று உப்பு, ஒன்று யூரியா.
"நாக்குல வெச்சுப் பாருங்க மேடம்" என்கிறார்
ஷிஃப்ட் மேஸ்திரி ராசுக்குட்டி.
சாயப்பட்டறைச் சரக்கை நக்கக் கூடாது,
மூன்று வருட வேதியியலில்
அதுவாவது எனக்குத் தெரியும்.

இரண்டு பீக்கர். காய்ச்சி வடித்த தண்ணீர்.
ஆளுக்கொரு ஸ்பூன்.
இரண்டும் கரைந்தன, இரண்டும் ஒரே தெளிவு.
கரைவதை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

மீட்டரை இறக்கினேன்.
முதல் பீக்கரில் எண்கள் தாவித் தாவி
திரைக்கு மூச்சு முட்டியது.
சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக்
குளோரினிடம் கொடுத்துவிட்டது எப்போதோ.
கொடுத்தது பிளஸ், வாங்கியது மைனஸ்,
அந்த இழுப்பில்தான் அத்தனை நாள் கட்டியாக இருந்தன.
தண்ணீர் நடுவே புகுந்ததும்
தனித்தனியே ஓடுகின்றன
மின்சாரத்தைச் சுமந்துகொண்டு.

இரண்டாவதில் மீட்டர் கொட்டாவி விட்டது. ஏழு.
கார்பனும் நைட்ரஜனும்
ஆளுக்கொன்று போட்டுச் சேர்த்த ஜோடியை
இருவரும் பிடித்திருக்கிறார்கள்.
மூலக்கூறு கலையாமல்
முழுசாகவே நீந்துகிறது.

இருந்தாலும் ஹாட்பிளேட்டில் ஒரு சிட்டிகை.
யூரியா உருகி அம்மோனியா நெடி கிளப்பியது.
உப்பு படபடவென்று வெடித்ததே ஒழிய
உருகுவதாக இல்லை,
எண்ணூறு டிகிரி வேண்டுமாம் அதற்கு.

"அப்பப் பங்கு போட்டா நிக்கும்,
குடுத்தா ஓடிருமுங்களா?"
அவ்வளவு லேசில்லை அண்ணா.
ஈரம் படாதவரை உப்பும் கல்தான்.
பங்கிலும் நைட்ரஜன் தன் பக்கம்
கொஞ்சம் இழுத்தே வைத்திருக்கிறது.
வீரபாண்டியில் மூன்று பங்காளிகளின் பட்டறையில்
வேலை பார்த்தவள் நான்.

அப்புறம் சிவப்பு.
உப்பு அதைப் பஞ்சின் பக்கம் தள்ளிவிடும்,
சோடா போட்டதும் நிறமும் நூலும்
எலக்ட்ரானைப் பங்குவைத்து இறுகும்.
நாலாம் அலசலில் சிவப்பு நிற்க,
தள்ளிவிட்ட உப்பு
சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும்.
முன்பெல்லாம் நொய்யலுக்கே போனது.
போன உப்பை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

மார்க்கரில் மூட்டைக்கு மூட்டை எழுதி முடித்தேன்.
ராசுக்குட்டி விளையாட்டாக
யூரியா பீக்கரில் விரலை விட்டு எடுத்தார்.
ஏழு, இருபதாயிற்று.
"என்னங்க இது?"
வேர்வை, என்றேன். உங்கள் உப்பு.

வேர்வையில் யூரியாவும் உண்டு.
அது மீட்டருக்குத் தெரியாது.