பதினாறு

தார்த்து நகரில் இரவு மணி இரண்டு.
எமாயொகி ஆறு உறைந்து
வண்டி வராத வெள்ளைத் தெருவாகக் கிடக்கிறது.
பால் கூட்டுறவு ஆலையின் கணினிகளைப்
பகலெல்லாம் மேய்த்த விர்வே
இப்போது சம்பளமில்லாத வேலைக்கு உட்கார்கிறாள்.
இணைப்பான் என்று அதற்குப் பெயர்.
உடைந்த அன்று மட்டும்
உலகம் அந்தப் பெயரைச் சொல்லும்.

என் மொழியில் அதைப் புணர்ச்சி என்பேன்.
தனித்தனியே எழுதியவை ஒட்டும் இடத்தில்
ஒன்று தோன்றும், ஒன்று திரியும், ஒன்று கெடும்.
நிலைமொழிக்குத் தெரியாது
வருமொழி யாரென்று.
'மரம்' வந்தால் அதன் மகரத்தைத் தட்டிவிட்டு
'வேர்' உட்கார இடம் செய்யும் கை
நடுவில் ஒன்று வேண்டும்.
கதவெண் தெரியாமல் எழுதிய கடிதங்களுக்கெல்லாம்
கடைசி நொடியில் கதவெண் எழுதும் கை.

இன்றிரவு அவள் வெட்டுவதாக இருந்தது.
பழைய சிப் ஒன்று.
செய்த கம்பெனி மூடிப் பத்தொன்பது வருடம்.
அதற்காக மட்டும்
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
"இதை இனி யாரும் பயன்படுத்துவதில்லை"
என்று குறிப்பெழுதி
விரலை வைத்த நேரம் கடிதம் வந்தது,

சிலி நாட்டின் தெற்கே, சிலோயே தீவிலிருந்து.
அங்கே கோடை, வெளிச்சம் இன்னும் போகவில்லை.
அன்குத் துறைமுகத்தில் அலைமானி பார்க்கும்
எராக்லியோ மான்சியா எழுதுகிறார்:
"அம்மணி, உங்கள் புதிய பதிப்பில் கட்டியதிலிருந்து
கடல்மட்டம் கேட்டால்
மானி தன் பேட்டரியின் அளவைச் சொல்கிறது.
சூரியத் தகட்டில் ஓடும் பேட்டரி.
மேகம் வந்தால் எங்கள் கடல் வற்றுகிறது.
மீனவர்கள் சிரிக்கிறார்கள்."

விர்வே சிரிக்கவில்லை.
கருப்பு ரொட்டியைக் கடித்தபடி
பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தாள்.
அட்டவணை பதினாறு பைட் தள்ளி உட்கார்ந்திருக்கிறது,
சினிமாக் கொட்டகையில்
பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவனைப் போல
முழு நம்பிக்கையோடு.

யார் தள்ளியது?
ஆயிரத்துச் சொச்சம் திருத்தங்கள்.
பாதியில் வெட்டி, கட்டி, ஓட்டி,
அதில் பாதி, அதிலும் பாதி.
மூன்றரை மணிக்கு ஒன்று மிஞ்சியது.
போன ஏப்ரல். "தேவையற்ற வரி நீக்கம்."
கையொப்பம்: விர்வே.
நீங்கிய வரியின் தலையில்
பதினோரு வருடத்துக்கு முந்தைய குறிப்பு:
"ஏனென்று தெரியவில்லை. தொடாதே."
அதிலும் கையொப்பம் விர்வே.

குராத், என்றாள்.
அவர்கள் ஊர்ப் பிசாசின் பெயர் அது.
பூனை எழுந்து வேறு அறைக்குப் போனது.

வரியைத் திரும்ப வைத்தாள்.
இந்த முறை காரணத்தோடு:
பதினாறின் மடங்கில் தொடங்காவிட்டால்
இந்த சிப் தடுக்கி விழும்;
நடுவில் வரும் சுழியங்கள் வீண் அல்ல.

பிறகு காத்திருப்பு.
தொகுப்பான் தன்னையே தொகுத்து,
தொகுத்ததைக் கொண்டு மறுபடி தன்னைத் தொகுத்து,
இரண்டாம் பிள்ளையையும் மூன்றாம் பிள்ளையையும்
அருகருகே நிறுத்தி
மச்சம் மச்சமாக ஒப்பிடுகிறது.
ஒரு மச்சம் மாறினால் பிறப்பே செல்லாது.
மாறவில்லை.
பதினோராயிரத்துச் சொச்சம் சோதனைகளில்
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தோற்கும் ஒன்று
இன்றும் தோற்றது.
செவ்வாய் பிறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும்
அவள் வெட்டவில்லை. காக்கப்போவதாக
யாருக்கும் வாக்குக் கொடுக்கவுமில்லை.
கோப்பின் உச்சியில் ஒரு வரி சேர்த்தாள்:
"ஒருவர் பயன்படுத்துகிறார். அன்குத்."

விடிய நேரமிருந்தது. பனியை அள்ள வேண்டும்,
எட்டு மணிக்குப் பால் லாரிக் கணக்கு.
திறந்த பிழைகள் முந்நூற்றுப் பன்னிரண்டில்
ஒன்றை மூடிவிட்டுப்
பல் தேய்த்துத் திரும்பினாள்:
முந்நூற்றுப் பதின்மூன்று.
அவற்றுக்குக் கீழே எராக்லியோ:

"கடல் அதன் இடத்தில் இருக்கிறது.
பேட்டரிதான் உண்மையிலேயே இறங்கிவிட்டது.
நாளை ஏணி கொண்டு போய் மாற்றுகிறேன்."