ரேகை விழவில்லை

சின்னப்பாலம் சமுதாயக் கூடம்.
மின்விசிறிக்குக் கீழே மேசை போட்டால் காகிதம் பறக்கிறது,
தள்ளிப் போட்டால் எனக்கு வேர்க்கிறது.
முப்பத்தேழாவது டோக்கன்: ஆரோக்கிய புஷ்பம்.
தொழில்: பாசி எடுத்தல்.

விரல்களில் சுற்றிய துணியை
ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் வைக்கிறார்.
பத்துத் துணி.
கண்ணாடியில் வலது பெருவிரல்.
தரம் பதினெட்டு என்கிறது கருவி.
துடைத்துவிட்டு மறுபடி.
பதினாறு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
ரேகை என்பது வரப்பு, ஊடே வாய்க்கால்.
இங்கே வரப்புகளை வெட்டிக்கொண்டு
குறுக்கும் மறுக்குமாக வெள்ளைக் கோடுகள்:
பார்க்கல் கிழித்தவை,
போன வாரத்தது, பத்து வருஷத்தது.

மென்பொருள் முதலில் சாம்பல் நிறத்தை உதறி
கறுப்பு, வெள்ளை என இரண்டே ஆக்கும்.
பிறகு ஒவ்வொரு கோட்டையும்
ஒரு புள்ளி அகலத்துக்கு இளைக்கவைக்கும்.
பிறகு எண்ணும், எங்கே முடிகிறது, எங்கே பிரிகிறது என்று.
வெட்டுப்பட்ட இடமெல்லாம் அதற்குப் பொய்முனை.
பொய்முனைகளை நீக்கவா என்று கேட்கிறது.
சரி என்றால்
வெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து
நடுவே ஊகமாக ஒரு கோட்டை இழுத்துவிடும்,
பாறையில் ஒருநாளும் கைவைக்காத பெண்ணின் கோடு.

நீக்கினேன். இருபத்தொன்பது.
நாற்பது வேண்டும்.

"அவுகளுக்கு ஒரே தடவைதான்" என்றார் புஷ்பம்.
"யாருக்கு?"
"வீட்டுக்காரருக்கு. அக்கரையில பிடிச்சு வச்சிருந்தப்ப.
மை தடவி ஒரு அமுக்கு. விழுந்திருச்சாம்."
சிரித்தார்.
நான் டோக்கன் அட்டைகளை நேராக அடுக்கினேன்.

சரி, கண்.
வலது கண்ணில் வெள்ளையிலிருந்து சதை வளர்ந்து
கருவிழி ஓரத்தைத் தொட்டிருக்கிறது.
வட்டம் தேடும் கணக்கு அங்கே திகைத்து
பிறை ஒன்றைக் காட்டுகிறது.
இடது கண்ணில் வட்டம் கிடைத்தது. பச்சை விளக்கு.

பொறுப்பாளர் என்ற இடத்தில்
நானும் விரல் வைக்கவேண்டும். வைத்தேன்.
தொண்ணூற்றாறு, முதல் தடவையிலேயே.
என் விரலில் இதுவரை எதுவுமே நடக்கவில்லை.

அனுப்புவதற்குமுன் படம் தன்னைக் கலைத்துக்கொள்கிறது.
முகம், கண், பத்து விரல்
புள்ளி புள்ளியாக இடம் மாறி, நிறம் மாறி
திரை முழுக்க மணல்.
"இது நானா?"
"நீங்கதான். பூட்டியிருக்கு."
"சாவி?"
"எங்கிட்ட இல்லக்கா."
"எங்கிட்டயும் இல்லயே" என்றபடி
துணிகளை எடுத்துச் சுற்றத் தொடங்கினார்,
சுண்டுவிரலிலிருந்து.

அறுபத்தொரு சதவீதத்தில் நிற்கிறது.
டவர் இல்லை.
போனைச் சன்னலில் வைத்தால்
அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு
எங்கள் நாட்டுக்கு வருக என்கிறது.
"போயிருச்சான்னு பொறவு சொல்லு,
நாளைக்கு அஞ்சு மணிக்கே கடலு."

அறுபத்தொன்று.
முப்பத்தெட்டாவது டோக்கனைக் கூப்பிட்டேன்.
அவரும் வாசலிலேயே
விரல்துணியை அவிழ்த்துக்கொண்டுதான் வந்தார்.