ஒரு செட்

குடும்பநலக் கோர்ட்டில்
ஆலோசகர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"என்னதாம்ப்பா உங்களுக்குள்ள?"
பச்சியப்பன் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான்:
"செட் ஆகலைங்க."

அவ்வளவுதான்.
ஆறு வருஷம், நாலு மாசம்.
அம்மா பேனாவைத் திறந்து
'ஒத்துப்போகவில்லை' என்று எழுதினார்.
அது வேறு சொல்.
சொல்லலாமா என்று வாயெடுத்தேன்,
வரிசையில் இன்னும் பதினாலு ஜோடி இருந்தது.

அவன் சொன்ன சொல்லில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடிப் பட்டறை.
மெருகு முடிந்து வரும் கொலுசுகளைச்
செட் சேர்ப்பது என் வேலை.
செருப்பு மாதிரி இடது வலது கிடையாது கொலுசுக்கு.
ஒன்றைத் தராசில் வைத்து
அதன் எடைக்கு இன்னொன்றைத் தேட வேண்டும்.
ஒரு கிராம் முன்னேபின்னே என்றால்
கனகு ஒரு மணியைக் கழற்றுவாள்,
இல்லையென்றால் ஒன்றைக் கூட்டுவாள்.
பன்னிரண்டு வருஷத்தில்
செட் ஆகவில்லை என்று ஒன்றைக்கூட
நான் ஒதுக்கியதில்லை.
உருக்க அனுப்பியதுண்டு.

அவன் பிழைப்பும் அதே சொல்தான்.
லைட் செட், மைக் செட்.
ஆடி பதினெட்டுக்கு
கொண்டலாம்பட்டியிலிருந்து வாழப்பாடி வரை
அவன் குழாய் கட்டாத புளியமரம் இல்லை.
ஊருக்கே கேட்கிற மாதிரி
ஹலோ ஹலோ என்று கூப்பிடுகிறவன்
வீட்டுக்கு வந்தால்
தண்ணிச் சொம்பைக்கூட விரலால்தான் காட்டுவான்.

ராத்திரியானால் மாமனாரின் பல்செட்
டம்ளர் தண்ணீரில் கிடக்கும்.
விளக்கணைத்த பிறகும்
அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது
அது ஒன்றுதான்.

கல்யாணமான புதிதில் ஏற்காடு போனோம்.
அவனும் அவன் செட்டும் ஏழு பேர், நாலு வண்டி,
நான் ஒருத்தி.
சன்செட் பார்க்க நின்றால்
மூடுபனி ஏறிவந்து சேலத்தையே காணோம்.
மிளகாய் பஜ்ஜி போடுகிறவர்
ஈர விறகை ஊதிக்கொண்டே
"இன்னிக்கு செட் ஆவாதுங்க" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான்தான் அதிகம் சிரித்தேன்.
சூரியனைச் சொன்னாரா
விறகைச் சொன்னாரா என்று
இப்போது யோசிக்கிறேன்.

வாசல்படிக்கு சிமெண்ட் பூசிய அன்று
"செட் ஆவுற வரைக்கும் மிதிச்சிராதீங்கம்மா" என்று
சாக்கு விரித்துவிட்டுப் போனார் கொத்தனார்.
குடத்தோடு வந்தவள் மிதித்துவிட்டேன்.
வலது பாதம்.
சுண்டுவிரல் மட்டும் சரியாக விழவில்லை.
பூசி மறைச்சிரலாம் என்று மாமியார் சொன்னதோடு சரி,
யாரும் மறைக்கவில்லை.
மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும்.
காக்கா வந்து குடிக்கும்.
நாலு பேர் வந்து கொத்தினாலும் இனிமேல்
அந்தக் காலை அங்கிருந்து கிளப்புவது சிரமம்.

கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது
மணி ஐந்தரை.
வண்டியை உதைத்துவிட்டு
"பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?" என்றான்.
இருந்தது.

மாதேஸின் தள்ளுவண்டி.
கீழே ஒரு தட்டுவடை,
காரட், பீட்ரூட், வெங்காயத் துருவல்,
பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி,
மேலே இன்னொரு தட்டுவடை வைத்து
கட்டைவிரலால் ஒரு அழுத்து.
"எத்தனை செட்டுக்கா?"
ரெண்டு என்றே பழகிய வாய்
கொஞ்சம் தடுக்கியது.
"ஒண்ணு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்க என்ன இருக்கிறது?
இந்த வண்டியில்
ஒரு செட் என்றால் ஓர் ஆளுக்கு.
"உடனே தின்னுருங்கக்கா, நமுத்துப்போயிரும்."

பூண்டுக்காரம் தூக்கலாக இருந்தது.
முதல் கடியிலேயே உடைந்து
பீட்ரூட் முழுக்கச் சேலையில் சிந்தியது.
நாளைக்கு வேலைக்கும்
இதையேதான் கட்ட வேண்டும்.