மூன்று முழம்

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு, நவம்பர்.
போர்த்துக்கல்லிலிருந்து உப்பேற்றி வந்த கப்பல்
ஹீயுமா தீவின் மணல்திட்டில் இடுப்பொடிந்து விழுந்தது.
உப்பு கடலுக்கே திரும்பிப் போயிற்று.
ஒன்பது பேர் செத்தார்கள். ஒருவன் பிழைத்தான்.
தேவாலயப் பதிவேடு அவனுக்கு
ஒன்றரை வரி ஒதுக்கியிருக்கிறது:
'அன்செல்மோ. அந்நியன். நெசவுக்காரி இங்கெல் வீட்டில்,
பனி உருகும்வரை.'

அவ்வளவுதான்.
இதை வைத்து நானூறு பக்கம் எழுதுவதாக
முன்பணம் வாங்கித் தின்றுவிட்டேன்.

பதிப்பாசிரியர் உர்வே கறாரானவள்.
அறுபதாம் பக்கத்துக்குள் ஒரு முத்தம் வேண்டும்.
இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லையே என்றேன்.
முத்தத்துக்கு எதற்கு இலக்கணம் என்று
போனை வைத்துவிட்டாள்.

எனக்கு முத்தம் வரும். பூட்ஸ்தான் வராது.
கரையொதுங்கியவன் காலில் என்ன இருந்தது,
அந்த வருஷத்து ரொட்டியில் கம்பு எவ்வளவு, உமி எவ்வளவு,
இந்தக் கேள்விகளோடு தாலின் ஆவணக் காப்பகத்தில்
மேல்கோட்டைக் கழற்றாமலே
ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அகப்பட்டது
கம்பளித் துணி ஆலையின் அபராதப் பேரேடு.
முள்வேலி மாதிரி ஜெர்மன் கையெழுத்து.
'இங்கெல். தறி பதினேழு.
துணி மூன்று முழம் குறைவு. நாற்பது கோப்பெக்.'
ஐம்பத்தெட்டு, பிப்ரவரி.

நான் எழுந்தே நின்றுவிட்டேன்.
மூன்று முழம்!
கையைச் சற்றுக் குட்டையாக வைத்தால்
ஓர் ஆணின் மேல்சட்டைக்குப் போதும்.
காதல் கடிதத்தை எவனும் பொய்யாக எழுதலாம்.
இது கணக்குப்பிள்ளை கோபத்தோடு எழுதிய சாட்சி.
அன்றிரவே இருபத்திரண்டு பக்கம்:
மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள்
விரல் விரித்து அவன் முதுகை அளக்கிறாள்.
அளவெடுக்க அவ்வளவு நேரம் ஆகாதென்று
இருவருக்கும் தெரியும்.

படித்துவிட்டு உர்வே அழுதாள்.
உர்வே அழுது நான் கேட்டதே இல்லை.

மே மாதம், ஒரு பக்க எண்ணைச் சரிபார்க்க
மறுபடி போனேன். போயிருக்கக் கூடாது.
முந்தைய பேரேடுகளையும் சேர்த்துக் கட்டி
மேசைக்கு அனுப்பியிருந்தார்கள்.
ஐம்பத்திரண்டு, பிப்ரவரி: இங்கெல், மூன்று முழம் குறைவு.
ஐம்பத்து மூன்று. அதுவே.
ஐம்பத்து நான்கில் மட்டும் நான்கு முழம்,
அப்போது என்ன முடையோ.
அன்செல்மோ கரையேறுவதற்கு முன்பே
ஆறு பிப்ரவரியாக அவள் திருடிக்கொண்டிருந்தாள்.
நாற்பது கோப்பெக் கட்டியும் கையில் மிஞ்சுமளவு
சாராயக் கடைக்காரன் விலை கொடுத்திருப்பான் போல.

வாசகர் யார் பேரேடு புரட்டப் போகிறார் என்றாள் உர்வே.
உண்மைதான்.
ஆனால் நான் எழுதிவைத்த இங்கெல்,
சதா தலைகுனிந்து நிற்கிற அந்தப் பெண்,
இவளைத் தெருவில் பார்த்தால்
பொட்டலத்தை இறுக்கிக்கொண்டு ஒதுங்கிப் போவாள்.
இவளோ அவளை நிறுத்தி,
சால்வையின் நெசவை இரண்டு விரலால் தடவிப் பார்த்து
விலை சொல்லுவாள்.
எனக்கு இவளைத்தான் பிடித்துப்போயிற்று.

நூற்று எண்பது பக்கம் கிழித்தேன்.
குனிந்த தலைகளையெல்லாம் நிமிர்த்தினேன்.
மெழுகுவத்தி காசு. இருட்டிலேயே அளக்கட்டும்.
வாசலில் சாராயக் கடைக்காரன் வந்து நிற்கிறான்,
வழக்கம்போல, பிப்ரவரியில், பணப்பையோடு.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன்.
அதற்குப் பதிவேடு இல்லை.
தேவாலயமும் ஆலையும் அதைக் காதால் கேட்கவில்லை.
கூண்டிலேற்றிக் கேட்டால்
நான் கையை விரிக்க வேண்டியதுதான்.

"இந்த வருஷம் துணி இல்லை" என்றாள் இங்கெல்,
கதவை முழங்கையால் சாத்திக்கொண்டே.