இரண்டாம் பிரதிவாதி

முப்பத்தோரு வருஷமாக அமீனா வேலை.
மண்ணடியில் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்தவனுக்கும்
புரசைவாக்கத்தில் செத்துப்போனதாய்ச்
சொல்லச் சொன்னவனுக்கும்
சம்மன் கொடுத்திருக்கிறேன்.
செத்தவன் உள்ளே தும்மினான்.
காத்திருந்து கையெழுத்து வாங்கினேன்.

இந்தத் தாவாவில் வாதி தணிகைவேல், வியாசர்பாடி.
பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறவர்.
அப்பாவுக்குக் கொள்ளி வைத்து
மீசையும் முடியும் எடுத்த மறுநாள்
வேலைக்கு வந்து செல்போனுக்கு முகம் காட்டினார்.
நீங்கள் நீங்கள் இல்லை என்றது.
கணக்கு முடங்கியது. வாரக் கூலியும் உள்ளேயே நின்றது.

முதல் பிரதிவாதி கம்பெனி.
அதற்குக் கீழே வக்கீலம்மா,
குறும்போ கோபமோ,
‘மேற்படி முடிவை எடுத்த நிரல்’ என்று எழுதியிருந்தார்.
பதிவகம் எந்தத் தூக்கத்தில் எண் போட்டதோ
உறை என் கைக்கு வந்துவிட்டது.

பெருங்குடி. ஏழாவது மாடி.
“அது இங்க இல்ல சார்,” வரவேற்பில் ஒரு பெண்.
“வேற எங்க?”
“கிளவுடுல.”
ஐப்பசி. சதுப்புநிலத்துக்கு மேலே
நிஜமாகவே கறுத்துக்கொண்டு வந்தது.
“யாரும்மா அதைப் பாத்துக்கறது?”
“அதுவே பாத்துக்கும்.”
“எழுதினவங்க?”
“நிறைய பேர் சார். பாதிப் பேர் வேலைய விட்டுட்டாங்க.”

ஆள் அகப்படாவிட்டால் கதவில் ஒட்டு என்கிறது சட்டம்.
கண்ணாடிக் கதவு.
நான் கிட்டப் போனதும்
தானே விலகி வழிவிட்டது.
பசை டப்பாவோடு நின்றேன்.
பின்வாங்கினால் மூடிக்கொண்டது.
மறுபடி போனேன். மறுபடி விலகியது.

பறக்கும் ரயிலில் திரும்பி வரும்போது
புதுச் சட்டம் எழுதப்போகிறவர்களை நினைத்தேன்.
அவர்களை எனக்குத் தெரியாது.
இயந்திரத்துக்கு எவ்வளவு அறிவு என்று
அவர்கள் அளந்துகொள்ளட்டும்.
அதை உடைக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம்.
ஒருவன் சோற்றை நிறுத்துகிற எதற்கும்
நகராத ஒரு கதவு வேண்டும்.
தட்டினால்,
லுங்கியை இறுக்கிக்கொண்டு
தூக்கக் கலக்கத்திலாவது
“நான்தான், என்ன வேணும்?” என்று வர
பெயருள்ள ஓர் ஆள்.

‘இரண்டாம் பிரதிவாதி
மேற்படி முகவரியில் வசிக்கவில்லை.’
‘வசிக்கவில்லை’யை அடித்தேன்.
வேறு சொல் கிடைக்காமல்
அதையே திரும்ப எழுதினேன்.

கோர்ட் வாசலில், வேப்பமரத்தடியில் தணிகைவேல்.
“குடுத்துட்டீங்களா சார்?”
மீசை அரும்பத் தொடங்கியிருந்தது.
நான் பதில் சொல்வதற்குள்
செல்போனை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி
முகத்தை உயர்த்தினார்.
“இப்ப ஒத்துக்குமா பாக்கறேன்.”